அப்பா பெயருக்கு ஓர் அர்ச்சனை

1

சாமியிடம் பொய் சொன்னதிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

பாரீசுக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டி, பழைய டயர் கடைக்கும் மரச்சாமான் கிடங்குக்கும் நடுவில் எங்கள் முருகன் கோயில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் ஒரு கிடங்குதான். தகரக் கதவைத் தள்ளி உள்ளே போனால்தான் சாம்பிராணி வாசனை வரும். அன்று வெள்ளிக்கிழமை. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்ட குருக்கள், "பேர், நட்சத்திரம்?" என்றார்.

"வேணுகோபால்" என்றேன்.

"நட்சத்திரம்?"

எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. குறித்து வைத்திருந்தாலும் கிழித்துப் போட்டிருப்பார். தெரியாது என்று சொல்லியிருந்தால், சாமி பேருக்கே செய்துவிடலாம் என்று குருக்கள் சொல்லியிருப்பார். சொல்லக் கூச்சமாக இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. வேணுகோபால் என்றால் கண்ணன்தானே என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, "ரோகிணி" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா புதுச்சேரியில், சாரம் என்கிற பகுதியில் இருக்கிறார். பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர், சங்கத்துக்காரர், மீசை முளைத்த காலத்திலிருந்து கடவுள் இல்லை என்று சொல்லிவருகிறவர். எங்கள் வீட்டில் சாமி படம் இருந்ததில்லை. பொங்கலுக்குக்கூட சூரியனுக்குப் படைத்ததில்லை. பொங்கும், இறக்குவோம், சாப்பிடுவோம். அப்படிப்பட்டவர் பெயருக்கு, அவருக்குத் தெரியாமல், அவருடையதல்லாத ஒரு நட்சத்திரத்தில் நான் அர்ச்சனை செய்தேன். அதே நேரத்தில் அங்கே புதுச்சேரியில் அவருக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் என் மகள் இனியா நின்றிருந்தாள். கல்லூரியில் சட்டம் படிக்கிறாள். கோயில், பூசை எதிலும் ஈடுபாடு கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, ரயிலுக்குக் காத்திருக்கவும் அன்று பொறுமையில்லை என்பதால் கூட வந்திருந்தாள்.

"உனக்குத் தாத்தா நட்சத்திரம் தெரியுமாம்மா?"

"சும்மா இரு" என்றேன்.

2

நான் ஏன் அன்று அப்பா பக்கத்தில் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த சேதியைப் பக்கத்து வீட்டு சரசு அக்கா போனில் சொன்னபோது நான் வேலையில் இருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை. எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது. அடுத்தவர்களின் அப்பா அம்மாக்கள் விழாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அவசர விடுப்பு கேட்டேன். ஆஸ்பத்திரிச் சான்று கேட்டார்கள். சரசு அக்கா வாட்ஸப்பில் அனுப்பினாள். ஆங்கிலத்தில் இருக்கிறது, பிரெஞ்சில் வேண்டும் என்றார்கள். மொழிபெயர்த்துக் கொடுத்தேன். இந்த வேணுகோபால் உன் அப்பா என்றால் உன் குடும்பப் பெயர் ஏன் வேறாக இருக்கிறது என்றார்கள். என் முழுப்பெயர் அறிவுச்செல்வி. பல வருடங்களுக்கு முன்னால் இங்கே ஓர் அலுவலகத்தில் அதை இரண்டாக வெட்டி, அறிவு என்பதைப் பெயராகவும் செல்வி என்பதைக் குடும்பப் பெயராகவும் ஏற்றிவிட்டார்கள். காகிதப்படி நான் செல்வி குடும்பத்தைச் சேர்ந்த அறிவு. எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கி முடிப்பதற்குள் ஆபரேஷன் நாள் வந்துவிட்டது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் கோயிலுக்குப் போனேன்.

போவது அன்று மட்டுமல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் போகிறேன். போய்விட்டு வேலைக்குப் போகிற நாட்களில், ரயிலிலேயே நெற்றியைத் துடைத்துவிடுவேன். எங்கள் இல்லம் அரசாங்கத்துடையது. அங்கே வேலை செய்கிறவர்கள் எந்த மதத்தின் அடையாளத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது. அது சட்டம். முஸ்லிம் பெண் ஒருத்தி வாசலில் முக்காட்டை மடித்துப் பைக்குள் வைப்பாள். நான் திருநீற்றைக் கைக்குட்டையால் துடைப்பேன். ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இருப்போம்.

அந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், சென்னை விமான நிலையத்துக் கழிவறையில் நின்று, கையில் கட்டிய கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் சாரத்துக்கு வண்டி ஏறுவேன். அதை எந்தச் சட்டமும் செய்யச் சொல்லவில்லை.

3

விடுப்பு கிடைத்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அப்பா வீடு திரும்பியிருந்தார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள், கைக்கெட்டும் தூரத்தில் நாலு கால் வாக்கர்.

"இன்னாத்துக்கு அவ்ளோ தூரத்துல இருந்து ஓடியாந்த? எலும்புதான ஒடைஞ்சிது, நானா ஒடைஞ்சிட்டேன்?" என்றார். ஆனால் என் கையை விடவில்லை.

அவரைத் துடைத்துவிடவும், பிடித்து நடக்கவைக்கவும் எனக்கு நன்றாகவே தெரிந்தது. வேறொரு நாட்டுக் கிழவர்கள் மேல் கற்றுக்கொண்ட தொழில். "கை தேர்ந்திருக்கியே" என்றார் அப்பா. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை, இனியா வீடியோ காலில் வந்தாள். பேத்தியின் தமிழ் என்றால் அப்பாவுக்குக் கொள்ளைப் பிரியம். அவள் பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள். பிரெஞ்சில் ஒன்றை நினைப்பதற்கும் நம்புவதற்கும் ஒரே சொல்லைப் புழங்குவார்கள், க்ருவார் என்று. அதனால் இனியாவின் தமிழில் எல்லாமே நம்பிக்கை. பஸ்ஸு வரும்னு நம்புறேன். சாவிய வீட்ல வுட்டுட்டேன்னு நம்புறேன்.

"தாத்தா, அங்க மழ பேயும்னு நம்புறேன்."

"மழைய நம்பாத கண்ணு. மேகத்தப் பாரு."

"கால் எப்பிடி இருக்கு?"

"சொன்ன பேச்சு கேக்குது."

"அம்மா உன் பேருக்குக் கோயில்ல அர்ச்சன பண்ணுச்சு, தெரியுமா? ஆனா உன் நட்சத்திரம் தெரியாம தப்பா சொல்லிடுச்சு. அது செல்லாதுன்னு நம்புறேன்."

நான் அடுக்களை வாசலில் காப்பி டம்ளரோடு நின்றிருந்தேன். இதைத் தாத்தாவிடம் சொல்லாதே என்று நான் அவளுக்குச் சொல்லிவைத்ததில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அப்பாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "எந்தக் கோயில் கண்ணு?"

"முருகன் கோயில். அம்மா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போவுமே."

இன்னும் கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவள் போய்விட்டாள். அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். காப்பியை வாங்கிக் குடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பிடிபட்டவளைப் போல இருந்தது.

"இன்னா நட்சத்திரம் சொன்ன?"

"ரோகிணி."

"அப்ப எங்கியோ ஒரு ரோகிணி நட்சத்திரத்து வேணுகோபாலுக்கு இடுப்பு கொணமாயிருக்கும். நல்லா இருக்கட்டும்."

நான் சிரிக்கவில்லை.

"நம்புறியா? நெசமாவே நம்புறியா, இல்ல எல்லாரும் போறாங்கன்னு போறியா?"

"நம்புறேம்பா."

"சரி. காலைல டிபன் ஆனதும் பேசுவோம். இன்னா சொல்லப் போறேன்னு யோசிச்சி வை. நானும் யோசிக்கிறேன்."

4

அப்பாவோடு வாதம் செய்வதற்கு ஒரு விதி உண்டு. சங்கத்தில் அவர் கொண்டுவந்த விதி அது. எதிராளி சொன்னதை முதலில் நீ உன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆமாம், நான் சொன்னது இதுதான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில் சொல்லலாம். இந்த விதியால் கூட்டங்களில் பாதிச் சண்டை நின்றுபோகும் என்பார். மீதிப் பாதியில் அவர் ஜெயிப்பார்.

காலையில் இட்லி சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். ஊரில் உள்ள எந்தப் பெண்ணும் தான் சாமி கும்பிடுவதற்கு அப்பாவிடம் காரணம் சொல்லியிருக்க மாட்டாள்.

"இந்த ஒலகம் தானா வந்திருக்குமாப்பா?" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு தானா வராது, அதனால ஒலகத்த ஒருத்தர் பண்ணியிருக்கணும்ன்ற. சரியா?"

"சரி."

"அவரு எப்பிடி வந்தாரு? அவரு மட்டும் தானா வரலாம்னா, ஒலகமும் தானா வந்துட்டுப் போவட்டுமே. சரி, ஒரு காரணம் இருக்குன்னே வெச்சிக்குவோம். அந்தக் காரணத்துக்கு ஆறு மொகமும் ஒரு மயிலும் இருக்குன்னு எங்க இருந்து வந்துச்சி?"

இது எனக்குத் தெரிந்த பதில்தான். பத்து வயதில் நானே இதைச் சொல்லி வகுப்பில் ஒரு பெண்ணை அழவைத்திருக்கிறேன்.

"நீ டாக்டர நம்பலியா? மயக்க மருந்து குடுத்தப்ப கண்ண மூடிக்கினியே. அவரு படிச்சத நீ பாத்தியா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நல்ல கேள்வி. நானும் சோதிச்சிப் பாக்காமத்தான் நம்புறேன், அதனால நம்புறது தப்பில்லன்ற. சரியா? டாக்டரு தப்பு பண்ணா தெரிஞ்சிடும். காலு கோணிக்கும், நான் அவர வுட்டுட்டு வேற டாக்டர்கிட்ட போவேன். நீ வேண்டிக்கினு எனக்கு கொணமாவாம போயிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

யோசித்தேன். சோதிக்கிறான் என்று சொல்லியிருப்பேன். அல்லது விதி என்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் போயிருப்பேன்.

"இது நடந்தாலும் சரி, அது நடந்தாலும் சரின்னா, அது கணக்கே இல்லம்மா."

அவர் அதை ஜெயித்த குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது.

"நீ நம்பலியா? தொழிலாளி எல்லாம் ஒண்ணா நின்னா மில்ல மூட முடியாதுன்னு ஊரு ஊரா பேசினியே. நின்னாங்க. மூடிட்டான். உன்ன நம்பி நின்னவங்க எல்லாம் இன்னைக்கி இன்னா பண்றாங்க? வாட்ச்மேன் வேல பாக்குறாங்க, தேங்காய்த்திட்டு ஹார்பர்ல மீன் பொட்டி தூக்குறாங்க. நீ நம்பறத வுட்டியா?"

மில் மூடிய வருடத்தில் அப்பா வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. எழுந்துபோய் அவர் காலடியில் உட்காரலாமா என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"திருப்பிச் சொல்றேன், சரியா பாரு" என்றார். "நான் ஒண்ண நம்புனேன். அது நடக்கல. நடக்காதுன்னு தெரிஞ்சப்புறமும் நான் வுடல. அப்ப நானும் உன்ன மாதிரிதான்ற."

"ஆமா."

"நீ சொன்னது உண்மதான். அதனால உன்னுது சரின்னு ஆவாது. ரெண்டு பேரும் தப்புன்னுதான் ஆவும்."

5

அதற்குமேல் என்னிடம் வாதம் எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

பிரான்சுக்குப் போன புதிதில் நாங்கள் இருந்தது பாரீஸ் பக்கம் அல்ல. கிழக்கே, குளிர் அதிகமான ஒரு சின்ன ஊர். என் கணவருக்கு ஓட்டலில் இரவு வேலை, பகலெல்லாம் தூங்குவார். இனியா அப்போது பிறக்கவில்லை. எனக்குப் பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும் தெரியும். தமிழ்க்கடை இருந்த நகரத்துக்கு மாதம் ஒரு முறை போய் அரிசி வாங்குவோம். ஒரு தடவை கடைக்காரர் முருகன் படம் போட்ட காலண்டர் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்தார். தேதி பார்க்க அடுக்களையில் மாட்டினேன்.

ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது வாய் விட்டுப் பேசினேன். "இன்னைக்கி ரொட்டிக் கடைல ஒரு பொம்பள என்னப் பாத்துச் சிரிச்சா" என்றேன். அந்த அறையில் என் குரல் கேட்டதும் நானே திடுக்கிட்டேன். எத்தனையோ நாளாக நான் உரக்க ஒரு தமிழ் வார்த்தை பேசவில்லை. யாரிடம் சொன்னேன் என்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் காலண்டர்தான் இருந்தது. மறுநாளும் சொன்னேன். பிறகு தினமும். வேணுவின் மகள் காலண்டரோடு பேசுகிறாள் என்று வெட்கமாக இருக்கும். இருந்தாலும் பேசுவேன். அந்த வருடம் முடிந்தும் அதைக் கழற்றவில்லை. எப்போது அது பேச்சிலிருந்து வேண்டுதலாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், பழக்கப்படி திருப்பிச் சொல்லத் தொடங்கினார்.

"எம் பொண்ணு ஒரு ஊர்ல இருந்தா. அங்க அவகிட்ட பேச ஒருத்தரும் இல்ல. வாயத் தொறந்து பேசணும்னா ஒரு காலண்டருதான் இருந்துச்சி. அதுங்கிட்ட பேசனா. அது..."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி ஓரத்தால் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"அது பதில் சொல்லல. ஆனா பேசிட்டு அடுத்த வேலயப் பாக்க முடிஞ்சிது. சரியா?"

"சரிப்பா."

"இப்ப நான் பதில் சொல்லணும். பேச ஒரு ஆளு வேணும்ன்றது உண்ம. வேணும்ன்றதால ஒரு ஆளு இருக்குன்னு ஆவாது. பசிக்கிதுன்றதால சட்டில சோறு இருக்குன்னு ஆவாது." கொஞ்சம் பொறுத்து, "பதில் சரிதான். சொல்லத்தான் நல்லா இல்ல" என்றார்.

வெளியே சரசு அக்கா யாரையோ கூப்பிட்டு மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷம் ஏன் மறச்ச?"

"பயமா இருந்துச்சி."

"நான் உன்ன அடிச்சனா? ஒரு வார்த்த திட்டியிருப்பனா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீ ஜெயிச்சிடுவன்னுதான்."

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மில் பேச்சுக்குக்கூட அப்படி மாறவில்லை. என்னைவிட அவர்தான் இப்போது வெட்கப்படுகிறார் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரமானது.

"யார் வேணா எது வேணா கேக்கலாம்னு நெனச்சித்தான் இந்த வூட்ட நடத்தனேன்" என்றார். "கேக்க பயந்துகினு ஒருத்தி இருந்திருக்கா." பிறகு, சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைப் பார்க்காமலே கேட்டார். "உங்கம்மாவும் இப்பிடித்தான் மறச்சிருப்பாளா?"

அம்மா இறந்து பல வருடங்களாகின்றன. சின்ன வயதில் அவளோடு கடைத்தெருவுக்குப் போகும்போது, வழியில் அம்மன் கோயிலைத் தாண்டுகிற இடத்தில் அவள் வலது கை நெற்றிவரை போய்க் கழுத்துக்கு இறங்கும். வியர்வை துடைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் வியர்க்குமா என்று அவளை நான் கேட்டதில்லை.

"தெரியாதுப்பா" என்றேன்.

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் கையைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சாட்சியை மறைத்துவிட்டேன்.

6

நான் பாரீசுக்குத் திரும்பி வந்து சில வாரங்களாகின்றன. பழையபடி காலை ஷிப்ட், ரயில், கைக்குட்டை. கல்லூரியிலிருந்து வந்த இனியாவிடம் சாப்பிடும்போது இந்த வாதத்தைச் சொன்னேன். வழக்கு விவரம் கேட்பது போல அவளுக்கு ஒரே உற்சாகம். தாத்தா ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள், தலையை ஆட்டினாள்.

"அப்ப நீ தோத்துட்ட."

"ஆமா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"அப்ப ஏன் இந்த வெள்ளிக்கெழம திரும்பப் போன?"

சட்டம் படிக்கிறவளிடம், தோற்றுப்போன வழக்கை மனசுக்குள் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

போன வருடம் அவளுக்கு இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தபோது, மதம் என்ற கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. "என்ன போடணும்?" என்று கேட்டாள். இந்த நாட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "இந்துன்னு சும்மா போடு" என்றேன். "சும்மாவா?" என்று என்னைப் பார்த்தாள். அன்றும் இதே பார்வைதான். அவளுக்கு என் நம்பிக்கை கிடைக்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நம்புகிறவள் இப்படித்தான் இருப்பாள், துடைத்துக்கொண்டும் மழுப்பிக்கொண்டும் இருப்பாள் என்று என்னைப் பார்த்து அவள் தெரிந்துகொண்டிருக்கிறாள். அதுதான் உறுத்துகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாரத்தில் நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

7

அன்று அப்பாவைப் பரிசோதனைக்கு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். எலும்பு கூடிவருகிறது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும் வழியில், எங்கள் தெருவுக்குச் சற்று முன்னால், முருகன் கோயில் வாசலில் அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

"போயி கும்புட்டுட்டு வா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "எதுக்குப்பா?"

"நாளைக்கு ஊருக்குப் போற. அங்க மறச்சிக்கணும்னு சட்டம் இருக்கு, சரி. இங்க எதுக்கு? நான் உள்ள வரமாட்டேன். வெளிய ஒக்காந்திருக்கேன். அவசரப்படாம வா."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். அப்பா வாக்கரை மடித்துக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, மார்பில் கை கட்டி, ஆட்டோவிலேயே தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். சாரத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அன்றுவரை அந்தக் கோயில் வாசலில் அவர் நின்றதாக யாரும் சொல்ல முடியாது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மத்தியான நேரம், கோயிலில் கூட்டமில்லை. சந்நிதிக்கு முன் நின்று கைகூப்பினேன். நான் பிறந்த ஊரில், என் தெருவுக்குப் பக்கத்தில், முதல் முறையாக. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியில் அப்பா வெயிலில் காத்திருக்கிறார் என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"இன்னா தோழர், வண்டி ரிப்பேரா? இங்க நிக்கிறீங்க?"

கோதண்டம் மாமா. அப்பாவோடு மில்லில் இருந்தவர், தெருமுனைக் கூட்டங்களில் அவருக்கு அடுத்துப் பேசுகிறவர். சின்ன வயதில் என்னை மேடையில் தூக்கி நிறுத்தி, 'கடவுள் எங்கே?' என்று நான் மழலையில் கேட்கக் கேட்க, முதலில் கைதட்டுகிறவர் அவர்தான். எனக்கு அறிவுச்செல்வி என்று பெயர் வைக்கச் சொன்னதும் அவர்தான் என்பார்கள்.

"ரிப்பேர் இல்ல" என்றார் அப்பா. நன்றாக உரக்கச் சொன்னார். மேடைப் பேச்சுக்காரர், குரல் தாழ்த்திப் பேசத் தெரியாது. "எம் பொண்ணு உள்ள சாமி கும்புடுது. இட்டுனு போவ நிக்கிறேன்."

"யாரு? செல்வியா?" சிரிப்பு. "நம்ம செல்வியா?"

"ஆமா. அவளுக்கு நம்பிக்க இருக்கு. எனக்கு இல்ல. நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம்."

"சரியாப் போச்சு போங்க."

"ஏன், நீங்க வேணா கேளுங்களேன். தைரியமா பதில் சொல்லுவா. இருங்க, கூப்புடறேன். செல்வி!"

கைகளை இறக்கினேன். திரும்பி வாசலுக்குப் போயிருக்கலாம், நாலு எட்டில் போயிருக்கலாம். வணக்கம் மாமா, நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கலாம். அதற்குத்தான் அப்பா வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் சந்நிதிக்கு இடப்பக்கம், நவக்கிரகங்கள் இருக்கும் மூலைக்குப் போய், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"செல்வி!"

பக்கத்தில் ஒரு பெண் கிரகங்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நானும் அவளுக்குப் பின்னால் சுற்றத் தொடங்கினேன். அவள் முடித்துவிட்டுப் போன பிறகும் சுற்றினேன்.

வெளியே இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு, மாத்திரை, யாருடையதோ மரணம். கோதண்டம் மாமா என்னவோ சொல்லி மறுபடி சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. பிறகு ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. அந்தச் சத்தம் தெரு திரும்பித் தேய்கிறவரை காத்திருந்தேன். அதற்குப் பிறகும் வெளியே போகாமல் பழைய தூணில் சாய்ந்துகொண்டேன்.

அப்பா மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலை உயர்த்தவில்லை. தூணுக்குப் பின்னால் நிற்கிறவளுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார்.

"அவரு போய்ட்டாரு. வா."